எத்தனை பேர் பாஸ்?

(கண்டியில் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்களும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் மாவட்டத்தில் ஓர் ஆரம்பப் பாடசாலையின் பெயரைச் சொன்னால் உடனே வரும் கேள்வி ஒன்றுதான்: “இந்த வருஷம் எத்தனை பேர் பாஸ்?” கண்டி நகரத்திலும் இதே கேள்வி, பன்விலையிலும் மடுல்கலையிலும் இதே கேள்வி, தெல்தோட்டைச் சந்தியிலும் இதே கேள்வி. முதலாம் வகுப்பில் பிள்ளைகள் எப்படி வாசிக்கிறார்கள், மூன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் கூட்டல் கழித்தல் தெரியாமல் பின்வாங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்பவர் அரிது. பாடசாலையின் வாசலில் கட்டும் பதாகையில் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளின் படம் இருக்கும். அந்தப் படங்களைப் பார்த்து நானும் மகிழ்ந்தவன்தான். அந்தப் பிள்ளைகளின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல நான் இங்கு வரவில்லை. பதாகையில் இடம்பெறாத பிள்ளைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரு பாடசாலையின் தரத்தை அந்தப் பிள்ளைகளிடமிருந்துதான் அளக்கத் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் பரீட்சையைப் பற்றிச் சில விடயங்கள். ஆசிரியர்களுக்குத் தெரிந்தவைதான். ஆனால் பெற்றோர் பலருக்கு யாரும் சரியாக விளக்கியதில்லை.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை பரீட்சைத் திணைக்களம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நடத்தும் பரீட்சை. இரண்டு வினாத்தாள்கள், மொத்தம் 200 புள்ளிகள். ஒரு வினாத்தாளில் 40 வினாக்கள். அவை பிள்ளையின் நுண்ணறிவைப் பார்ப்பவை. கோலங்கள், எண் தொடர்கள், தருக்கம், விரைவு என்று போகும். அதற்கு ஒரு மணித்தியாலம். மற்றையதில் 60 வினாக்கள், ஒன்றேகால் மணித்தியாலம். தாய்மொழி, கணிதம், சுற்றாடல், ஆங்கிலம், இரண்டாம் தேசிய மொழி எல்லாம் அதில் வரும். நாடு முழுவதும் ஆண்டுக்கு மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதுகிறார்கள். நான்கில் ஒரு பங்கினர் தமிழ் மொழிமூலம் எழுதுபவர்கள்.

இந்தப் பரீட்சையால் கிடைப்பவை இரண்டு. ஒன்று, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு மாதாந்த உதவிப்பணம். அது 750 ரூபாயாக இருந்தது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் 1,500 ரூபாயாக உயர்ந்தது. ஆண்டுக்குச் சுமார் 20,000 பிள்ளைகளுக்குத்தான் அது கிடைக்கிறது. மற்றையது, ஆறாம் தரத்துக்கு நல்ல பெயருள்ள பாடசாலை ஒன்றில் இடம். உதவிப்பணத்துக்கான வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிக்கு மொழி வேறுபடும். பாடசாலை அனுமதிக்கான புள்ளி அதிலும் வேறு; ஒவ்வொரு பாடசாலைக்கும் தனித்தனி. கண்டியில் தர்மராஜவுக்கும் மகாமாயாவுக்கும் வேண்டிய புள்ளி, மாவட்ட வெட்டுப்புள்ளியை அரும்பாடுபட்டுத் தாண்டிய பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பரீட்சையில் சித்தி, சித்தியின்மை என்ற பேச்சே கிடையாது. “எங்க புள்ள பாஸா, ஃபெயிலா சேர்?” என்று கேட்கும் தாய்க்கு நான் எப்போதும் சொல்வது, ஃபெயில் என்று எந்தத் தாளிலும் எழுதியில்லை அம்மா என்பதுதான். வெட்டுப்புள்ளி என்பது இருக்கும் பணத்துக்கும் இடத்துக்கும் ஏற்பப் போட்ட கோடு. பணம் இன்னும் கொஞ்சம் இருந்திருந்தால் கோடு இன்னும் கீழே வந்திருக்கும். அந்தக் கோட்டுக்கு ஒரு புள்ளி கீழே நின்ற பத்து வயதுப் பிள்ளை வீட்டில் அடி வாங்குகிறது என்றால், அரசாங்கத்தின் பணக் கணக்குக்காக ஒரு பிள்ளையை அடிக்கிறோம் என்று பொருள்.

இந்தப் பரீட்சை எப்படித் தோன்றியது என்பதை அறிந்தால் இன்றைய நிலை எவ்வளவு தூரம் விலகிவிட்டது என்பது புரியும்.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அம்பலாங்கொடைக்குப் பக்கத்தில் ரந்தொம்பே என்ற ஊரில் 1884இல் பிறந்தவர். ஊர்ப் பாடசாலையில் அவருடைய கெட்டித்தனத்தைக் கண்டு, காலி ரிச்மண்ட் கல்லூரியில் படிக்க ஒரு புலமைப்பரிசில் கொடுத்தார்கள். அது கிடைக்காமல் போயிருந்தால் அவர் என்ன ஆகியிருப்பார் என்பதை அவரே நன்கு அறிந்திருந்தார். 1931இலிருந்து 1947வரை கல்வி அமைச்சராக இருந்தபோது, அந்த ஒரு வாய்ப்பை நாட்டின் கிராமப் பிள்ளைகள் அனைவருக்கும் திறந்துவிட முயன்றார். தம் தொகுதியான மத்துகமையில் தொடங்கி, நகரத்துப் பெரிய கல்லூரிகளுக்குச் சமமான மத்திய பாடசாலைகளைக் கிராமங்களின் நடுவே எழுப்பினார். ஆய்வுகூடம், நூலகம், விடுதி எல்லாம் அங்கே இருந்தன. ஊர்ப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் கெட்டிக்கார ஏழைப் பிள்ளையைக் கண்டுபிடித்து அந்த விடுதிக்குக் கொண்டு சேர்ப்பதற்காகத்தான் இந்தப் பரீட்சை வந்தது. 1945 அக்டோபர் முதலாம் திகதியிலிருந்து இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பரீட்சை, விடுதி, பாடசாலை மூன்றும் ஒரே திட்டத்தின் உறுப்புகள். பரீட்சைக்கு அப்பால் ஒரு விடுதிக் கட்டில் காத்திருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள். பின்னால் அதற்கு வருகிறேன்.

அந்த நல்ல திட்டத்துக்குள் நம் தோட்டப் பிள்ளைகள் இருக்கவில்லை. இலங்கையில் வணிகத் தேயிலை தொடங்கியதே இந்தக் கண்டி மாவட்டத்தில்தான். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் போட்டார். அதற்கு முன் கோப்பி. அந்த மலைகளில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்குத் தோட்டத்து நிருவாகமே பாடசாலை நடத்த வேண்டும் என்று 1907ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. நடந்தது என்ன? லயத்து மூலையில் ஓர் அறை, எழுத்தறிந்த ஒருவர், காலைக் கொழுந்து எடுப்பு முடிந்தபின் சில மணிநேரப் படிப்பு. இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் நிருவாகத்தின் கையிலேயே இருந்தன. 1948இல் குடியுரிமை பறிபோனது. கேள்வி கேட்க வாக்கும் இல்லாமல் போனது. 1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு கையேற்றபோதும் தோட்டப் பாடசாலைகளைத் தொடவில்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகுதான் அவற்றின் பாடசாலைகளும் படிப்படியாகக் கல்வித் திணைக்களத்துக்குள் வந்தன. லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏஞ்சலா லிட்டில் 1999இல் இந்த வரலாற்றை ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார். பேராசிரியர் சோ. சந்திரசேகரன் தமிழில் இதைப் பற்றி நிறைய எழுதியவர்.

கணக்குப் போடுங்கள். கன்னங்கராவின் திட்டம் தொடங்கியபின் முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் நம் பாடசாலைகள் அந்தத் திட்டத்துக்குள் கால் வைத்தன. முப்பது ஆண்டு என்றால் ஒரு தலைமுறை. கண்டி நகரத்தில் இன்று பரீட்சை எழுதும் பிள்ளையின் பாட்டி மத்திய பாடசாலையில் படித்திருக்கக்கூடும். மடுல்கலையில் எழுதும் பிள்ளையின் பாட்டி பத்து வயதில் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டியவர். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே வினாத்தாள். பெறுபேறு வந்ததும் இரண்டு பாடசாலைகளையும் ஒரே வரிசையில் வைத்து, அது நல்ல பாடசாலை, இது கெட்ட பாடசாலை என்கிறோம்.

கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்போது தண்ணீருக்கும் சாக்குக்கும் இத்தனை கிலோ என்று கழிப்பார்கள். இந்தக் கழிவு அதிகம் என்று எத்தனை போராட்டம் நடந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு பாடசாலையின் புள்ளியை நிறுக்கும்போது மட்டும் எந்தக் கழிவும் இல்லை. நகரத்துப் பிள்ளை மூன்றாம் வகுப்பிலிருந்து போன டியூஷனுக்குக் கழிப்பதில்லை. தாயின் படிப்புக்குக் கழிப்பதில்லை. வீட்டில் இருக்கும் மேசைக்கும் மின்விளக்குக்கும் கழிப்பதில்லை. குடும்பம் கொண்டுவந்த எடையையும் சேர்த்து நிறுத்துவிட்டு, எல்லாவற்றையும் பாடசாலையின் கணக்கில் எழுதுகிறோம்.

வகுப்பறைக்குள் இது என்ன செய்கிறது என்பதுதான் என்னை மிகவும் வருத்துவது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு சிறிய தோட்டப் பாடசாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வகுப்புகள், ஆசிரியர்கள் ஐந்து பேர் என்று காகிதத்தில் இருக்கும். ஒருவர் மகப்பேற்று விடுமுறையில், இன்னொருவர் இடமாற்றத்தை எதிர்பார்த்துப் பெட்டியைக் கட்டியபடி. மீதி இருப்பவர்களில் திறமையானவர் யாரோ அவரை அதிபர் ஐந்தாம் வகுப்புக்குப் போடுவார். அதிபரைக் குறை சொல்ல முடியாது. வலயக் கல்விப் பணிமனையில் அவரிடம் கேட்பது ஐந்தாம் வகுப்பைத்தான். அப்படியானால் முதலாம் வகுப்பில் யார்? புதிதாக வந்தவர், அல்லது இரண்டு வகுப்பை ஒன்றாக வைத்துப் பார்ப்பவர். ஒரு பிள்ளை எழுத்தைக் கூட்டி வாசிக்கத் தொடங்கும் ஆண்டு முதலாம், இரண்டாம் வகுப்பு. அந்த இடத்தில்தான் மிகச் சிறந்த ஆசிரியர் வேண்டும். நாம் தலைகீழாக வைத்திருக்கிறோம்.

ஐந்தாம் வகுப்புக்குள் போனால் இன்னொரு பிரிவு. பெப்ரவரி, மார்ச் மாதத்திலேயே ஆசிரியருக்குத் தெரிந்துவிடும், யார் வெட்டுப்புள்ளிக்குப் பக்கத்தில் வருவார்கள் என்று. முப்பது பேர் வகுப்பில் ஐந்தாறு பேர். அவர்களுக்குக் காலையில் மேலதிக வகுப்பு, பின்னேரத்தில் மேலதிக வகுப்பு, சனிக்கிழமை கருத்தரங்கு. கடந்தகால வினாத்தாள், மாதிரி வினாத்தாள், எதிர்பார்க்கை வினாத்தாள் என்று அடுக்கடுக்காக வரும். மற்றப் பிள்ளைகளுக்கும் அதே தாளைத்தான் கொடுப்போம். ஆனால் அவர்களால் வினாவை வாசிக்கவே முடியாது. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து விடையை வட்டமிடும். ஓர் ஆண்டு முழுவதும் தான் வாசிக்க முடியாத தாளின் முன்னால் ஒரு பிள்ளையை உட்கார வைக்கிறோம். அந்த ஆண்டில் அந்தப் பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்திருக்கலாம். பத்து வயதில் கற்றுக்கொடுப்பது கடினமே அல்ல. நாளுக்கு ஒரு மணிநேரம், பிள்ளையின் மட்டத்துக்கு ஏற்ற வாசிப்புப் புத்தகம், பொறுமையான ஒருவர் போதும்.

ஒரு பாடசாலையில் மெல்லக் கற்கும் பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டு, “பரீட்சையன்று பிள்ளையைக் கூட்டிவர வேண்டாம், பாடசாலையின் சதவீதம் குறைந்துவிடும்” என்று சொன்னதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். பாடசாலையின் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். அந்தத் தகப்பன் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. சரி சேர் என்று தலையாட்டிவிட்டுப் போனார். அரசாங்கம் தன் பிள்ளைக்குக் கொடுத்த உரிமையை ஒரு பாடசாலை பறிக்கிறது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

அமெரிக்காவில் டொனால்ட் கேம்பல் என்ற சமூக அறிவியலாளர் 1970களில் ஒரு விதியைச் சொன்னார். ஓர் அளவீட்டை வைத்து நிறுவனங்களுக்குப் புகழும் தண்டனையும் கொடுக்கத் தொடங்கினால், அந்த அளவீடு கெட்டுப்போகும். அது அளக்க வந்த பணியும் கெட்டுப்போகும். அதே காலத்தில் ரொனால்ட் டோர் என்ற பிரித்தானிய அறிஞர் பட்டங்களையும் சான்றிதழ்களையும் துரத்தும் நோயைப் பற்றி 1976இல் ஒரு நூல் எழுதினார். அவர் ஆராய்ந்த நாடுகள் இங்கிலாந்து, ஜப்பான், கென்யா, நம் இலங்கை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே நம் பரீட்சை மோகம் உலகத்துக்கு ஓர் உதாரணமாகிவிட்டது. அந்த நான்கில் ஒன்றான கென்யா, ஆரம்பக் கல்வி முடிவில் பிள்ளைகளைத் தரம் பிரித்த தன் தேசியப் பரீட்சையை 2023இல் கடைசியாக நடத்தி முடித்துக்கொண்டது. இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பரவிய பதினொரு வயதுப் பரீட்சை, 1965க்குப் பிறகு பெரும்பாலான இடங்களில் கைவிடப்பட்டது. பதினொரு வயதில் ஒரு காலைப்பொழுதில் எழுதியதை வைத்து ஒரு வாழ்க்கையைத் தீர்மானிக்க முடியாது என்று அந்த நாட்டுப் பெற்றோரே எழுந்து நின்றார்கள். சிங்கப்பூரில் ஆரம்பப் பாடசாலை இறுதிப் பரீட்சை இன்னும் இருக்கிறது. ஆனால் ஒரு புள்ளி, அரைப் புள்ளிக்காகப் பிள்ளைகள் முட்டி மோதுவதைக் குறைக்க 2021இலிருந்து புள்ளிகளை அகன்ற அடைவு மட்டங்களாக மாற்றிவிட்டார்கள்.

நுண்ணறிவு வினாத்தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1905இல் பாரிசில் அல்பிரட் பினே இத்தகைய சோதனையை முதன்முதல் உருவாக்கியது எதற்கு? கெட்டிக்காரரைப் பொறுக்கி எடுக்க அல்ல. வகுப்பில் பின்தங்கும் பிள்ளை எது, அதற்கு என்ன உதவி வேண்டும் என்று அறிய. ஒரு பிள்ளையின் அறிவு மாறாத அளவு என்ற எண்ணத்தை அவர் எதிர்த்தார். உதவிக்காகப் பிறந்த கருவியை நாம் வடிகட்டியாக மாற்றிவிட்டோம். அதுவும் எப்படிப்பட்ட வடிகட்டி? பயிற்சியால் கூடும் புள்ளி அது. எண் தொடரின் ஐம்பது வகைகளை டியூஷனில் பார்த்துவிட்ட பிள்ளைக்கு ஐம்பத்தோராவது எளிது. அதை நுண்ணறிவு என்று எழுதிக்கொள்கிறோம்.

2024 செப்டம்பர் 15ஆம் திகதிப் பரீட்சையில் நடந்ததை எல்லோரும் அறிவீர்கள். முதலாம் வினாத்தாளின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகிவிட்டன. பெற்றோர் தெருவுக்கு வந்தார்கள். விடயம் உயர் நீதிமன்றம்வரை போனது. கடைசியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த மூன்று வினாக்களுக்கும் புள்ளி கொடுத்து, 2025 ஜனவரியில்தான் பெறுபேறு வந்தது. பத்து வயதுப் பிள்ளைகள் நான்கு மாதம் காத்திருந்தார்கள். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் உயர்தரப் பரீட்சைக்கு நடப்பதெல்லாம் பத்து வயதுப் பிள்ளைகளின் பரீட்சைக்கும் நடக்கிறது. பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன் டியூஷன் வகுப்புகளையும் கருத்தரங்குகளையும் தடை செய்து ஆண்டுதோறும் அறிவித்தல் வருகிறதே, அதுவே போதும் நிலைமையைச் சொல்ல.

பரீட்சையை நாளைக்கே நிறுத்துங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. அதைப் பற்றி அமைச்சர்கள் பலர் பேசிவிட்டார்கள், பரீட்சை இருக்கிறது. இருக்கும்வரை அதன் பெறுபேற்றை எப்படிப் படிப்பது என்றாவது நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

சதவீதத்தில் இருக்கும் ஏமாற்று முதலில். தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பில் 12 பிள்ளைகள் என்று வையுங்கள். ஒரு பிள்ளை தாண்டினால் எட்டு வீதத்துக்கு மேல். இரண்டு பிள்ளைகள் என்றால் ஏறத்தாழ 17. அடுத்த ஆண்டு ஒருவரும் இல்லையென்றால் பூச்சியம். 17இலிருந்து பூச்சியத்துக்கு விழுந்த பாடசாலை என்று கூட்டத்தில் அதிபரை எழுப்பி நிறுத்துவார்கள். அந்தப் பாடசாலையில் எதுவும் மாறியிருக்காது. அதே ஆசிரியர், அதே கரும்பலகை. அந்த ஆண்டுப் பிள்ளைகள் வேறு, அவ்வளவுதான். 200 பிள்ளைகள் எழுதும் நகரப் பாடசாலையின் சதவீதத்துக்கு ஓரளவு பொருள் உண்டு. 12 பேர் எழுதும் பாடசாலையின் சதவீதத்தை ஓர் ஆண்டை வைத்துப் பேசுவது தவறு. குறைந்தது ஐந்து ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது 70 என்ற எண். இரண்டு வினாத்தாள்களிலும் தலா 35க்குக் குறையாமல், மொத்தம் 70 எடுத்தால் சான்றிதழ் உண்டு. 200க்கு 70 என்பது அடிப்படை வாசிப்பும் கணக்கும் உள்ள பிள்ளை எட்டக்கூடிய இடம். அண்மைய ஆண்டுகளில் நாடு முழுவதும் ஆறில் ஒரு பிள்ளை போலத்தான் வெட்டுப்புள்ளியைத் தாண்டுகிறது. 70ஐ எட்டாத பிள்ளைகளோ ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. அதாவது பதாகையில் படம் வந்த பிள்ளைகளைவிட, ஐந்தாண்டு பாடசாலை வந்தும் அந்த 70ஐ எட்ட முடியாத பிள்ளைகள் அதிகம். ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர். இவர்களைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை. ஆறாம் தரத்துக்கு இவர்களும் போகிறார்கள். அங்கே விஞ்ஞானம், வரலாறு, புவியியல் என்று புத்தகங்கள் குவியும். வாசிக்கத் தெரியாத பிள்ளை அந்தப் புத்தகக் கட்டோடு இரண்டு மூன்று ஆண்டு போய்வரும். பிறகு ஒரு நாள் கொழும்பில் ஒரு கடையிலோ வீட்டிலோ வேலைக்கு நிற்கும். இடைவிலகலுக்கு எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் காரணம் தேடுகிறோம். காரணம் இரண்டாம் வகுப்பில் இருக்கிறது.

ஆகவே நம் ஆறு கல்வி வலயங்களிலும், கண்டி, தெனுவர, கம்பளை, கட்டுகஸ்தோட்டை, வத்துகாமம், தெல்தெனிய எல்லாவற்றிலும், பெறுபேறு வந்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி “70க்குக் கீழே எத்தனை பேர்?” என்பதாக இருக்கட்டும். அந்த எண்ணை ஆண்டுதோறும் குறைத்துக்கொண்டு வரும் அதிபரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துங்கள். அவருடைய பாடசாலையில் ஒரு பிள்ளைகூட வெட்டுப்புள்ளியைத் தாண்டாமல் இருக்கலாம். இருந்தாலும் அவர் செய்தது பெரிய வேலை.

நாடு தன் ஆரம்பக் கல்வியின் நிலையை அறிய இந்தப் பரீட்சை தேவையும் இல்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்திலுள்ள தேசிய கல்வி ஆராய்ச்சி மதிப்பீட்டு நிலையம் நான்காம் தரப் பிள்ளைகளின் அடைவு மட்டத்தை மாதிரி எடுத்து மதிப்பிட்டு வந்திருக்கிறது. சில பாடசாலைகளைத் தெரிவு செய்து, சில பிள்ளைகளுக்குச் சோதனை கொடுத்து, மாகாணம், மொழி, நகரம், கிராமம் என்று நிலைமையைச் சொல்வார்கள். எந்தப் பிள்ளையின் பெயரும் வெளியே வராது; எந்தத் தாயும் அழ மாட்டாள்; டியூஷன்காரருக்கும் அதில் வேலை இல்லை. அப்படிப்பட்ட அளவீடுதான் நேர்மையான அளவீடு. அந்த அறிக்கைகளைப் படித்துப் பேசும் பழக்கம் நமக்குள் இல்லை. பதாகையைப் படிக்கிறோம்.

விடுதிக் கட்டிலுக்கு வருகிறேன் என்று சொன்னேன் அல்லவா? வெட்டுப்புள்ளியைத் தாண்டிய தோட்டத்துப் பிள்ளைக்கு அடுத்து என்ன நடக்கிறது என்று பாருங்கள். நக்கிள்ஸ் மலை அடிவாரத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு சிறுமி நல்ல புள்ளி எடுத்துவிட்டாள். பதாகை கட்டியாயிற்று. தமிழ் மொழிமூலம் விஞ்ஞான உயர்தரம்வரை படிக்கக்கூடிய பாடசாலை அவளுக்கு எங்கே இருக்கிறது? கண்டி நகரத்தில் பதியுதீன் மஹ்மூத் மகளிர் கல்லூரி போன்ற சில, நாவலப்பிட்டியில் கதிரேசன் கல்லூரி, இன்னும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. சிங்கள மொழிமூலப் பிள்ளைக்கு இருக்கும் தெரிவுகளின் பக்கத்தில் இது மிகவும் குறுகிய பட்டியல். அங்கே இடம் கிடைத்தாலும் விடுதி வசதி எல்லோருக்கும் கிடைப்பதில்லை. தினமும் காலையில் இருட்டோடு இறங்கி வந்து, டிவிஷனிலிருந்து பெரிய ரோட்டுக்கு நடந்து, இரண்டு பஸ் மாற வேண்டும். பத்து வயதுப் பெண்பிள்ளையைத் தனியே விடத் தாய்க்கு மனம் வராது, வரவும் கூடாது. கூடவே போனால் தாயின் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும். 2024 செப்டம்பரில் நாட்சம்பளத்தின் அடிப்படை 1,350 ரூபாயாக நிர்ணயமானது. மாதம் முழுவதற்கும் வரும் உதவிப்பணமான 1,500 ரூபா, அந்த ஒரு நாள் அடிப்படைச் சம்பளத்தைவிடச் சற்றே கூடியது. அவ்வளவுதான் இன்றைய புலமைப்பரிசிலின் பெறுமதி.

ஆகவே அந்தப் பிள்ளை பக்கத்திலிருக்கும் பாடசாலையிலேயே ஆறாம் தரத்தில் சேர்கிறது. பரீட்சைக்கு முன் எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருக்கிறது. பரீட்சை மட்டும் மிஞ்சி, அதற்கு அப்பாலிருந்த விடுதியும் கட்டிலும் போய்விட்டன. கன்னங்கராவின் திட்டத்தில் பாதியை வைத்துக்கொண்டு மறு பாதியைத் தொலைத்துவிட்டோம். அரசியல் தலைவர்களிடம் கேட்பதென்றால் நான் இதைத்தான் கேட்பேன்: கண்டி மாவட்டத்தில் தமிழ் மொழிமூலப் பெண்பிள்ளைகளுக்கு நல்ல காப்பாளரோடு ஒரு விடுதி. மேடைக்கு மேடை மலையகக் கல்வி என்று பேசுகிறார்கள். அந்த ஒரு விடுதியைக் கட்டித் தரட்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியிலிருந்து வந்த இளம் ஆசிரியர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். உங்களில் பெரும்பாலோர் லயத்தில் பிறந்து, இந்தப் பாடசாலைகளிலேயே படித்து மேலே வந்தவர்கள். பிள்ளை வீட்டில் பேசும் தமிழ் உங்களுக்குத் தெரியும். பாடப்புத்தகத் தமிழ் அந்தப் பிள்ளைக்கு எந்த இடத்தில் தடக்குகிறது என்பதும் தெரியும். இந்த அறிவு வெளியிலிருந்து வரும் யாருக்கும் இல்லை. முதலாம், இரண்டாம் வகுப்பை எனக்குத் தாருங்கள் என்று அதிபரிடம் நீங்களே கேளுங்கள். அங்கே பதாகை இல்லை, பொன்னாடை இல்லை. ஒரு பிள்ளை முதன்முதலாக ஒரு வரியைத் தானே வாசித்து முடித்து நிமிர்ந்து பார்க்கும் முகம் உண்டு. அதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பெற்றோருக்குச் சொல்ல நினைத்தது மிகச் சிறியது. இன்று மாலையே செய்யக்கூடியது. உங்கள் பிள்ளை இரண்டாம் வகுப்பிலோ மூன்றாம் வகுப்பிலோ இருந்தால், அதன் தமிழ்ப் புத்தகத்தில் இதுவரை படிக்காத ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை தடையில்லாமல் போகிறதா, நின்று நின்று போகிறதா, படத்தைப் பார்த்து ஊகிக்கிறதா என்பது காதுக்குத் தெரிந்துவிடும். நின்றுபோனால் பிள்ளையைத் திட்டாதீர்கள். மறுநாள் பாடசாலைக்குப் போய் வகுப்பாசிரியரைக் கண்டு, “டீச்சர், எங்க புள்ளைக்கு வாசிக்க வரல, என்ன செய்யலாம்?” என்று கேளுங்கள். ஒரு தாய் கேட்டால் பதில் வரும், வராமலும் போகும். பத்துத் தாய்மார் சேர்ந்து போனால் அதிபர் உட்காரவைத்துப் பேசுவார். பாடசாலை அபிவிருத்திக் குழுவில் உங்களுக்கு இடம் இருக்கிறது. அதில் முதலாம் வகுப்புக்கு யாரைப் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. புது வருடத்து நேரசூசி போடும் முன்பே போய்க் கேளுங்கள். போட்டு முடித்த பிறகு மாற்றுவது கஷ்டம்.

கேள்விகள் இருக்கும் என்று நினைக்கிறேன். பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்கள் முதலில் கேளுங்கள்.